11 வயசுப் பையன், 49 கிலோ, டிரைகிளிசரைடு 164: இதய ரத்தக்குழாய்க்கு இப்பவே ஆபத்தா?

வேளிமலை கேட்டது:

அக்கா மகனுக்கு 11 வயசு முடிஞ்சிருக்கு. உயரம் 142 செ.மீ., எடை 49 கிலோ, இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ. பின்கழுத்து கறுத்துத் தடிச்சிருக்கு, தேய்ச்சுக் குளிச்சாலும் போகல. பள்ளிக்கூடத்துப் பரிசோதனையில பிரஷர் 124/82ன்னு எழுதிக் கொடுத்தாங்க. அதனால மார்த்தாண்டத்துல (குமரி மாவட்டம்) ஒரு லேப்ல வெறும் வயித்துல ரத்தம் கொடுத்தோம்.

மொத்தக் கொலஸ்ட்ரால் 188, டிரைகிளிசரைடுங்கிற ரத்தக் கொழுப்பு 164, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 36, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 119. சர்க்கரை 94, எச்பிஏ1சி (மூணு மாசச் சர்க்கரைச் சராசரி) 5.6, எஸ்ஜிபிடி (கல்லீரல் டெஸ்ட்) 46, டிஎஸ்எச் (தைராய்டு டெஸ்ட்) 6.1. பக்கத்துல அச்சடிச்ச அளவைப் பார்த்தா கொலஸ்ட்ரால் நார்மல், டிரைகிளிசரைடு மட்டும் கொஞ்சம் கூடுதல்.

பையனோட அப்பா வழித் தாத்தாவுக்கு 52 வயசுல அட்டாக். அக்கா வீட்ல எல்லாரும் "வளர்ற பிள்ளை, உயரம் வச்சா சரியாயிடும்"ங்கிறாங்க. அது உண்மையா? தைராய்டு மாத்திரை வேணுமா? நம்ம ஊர்ச் சாப்பாட்டுல எதை மாத்தணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

ஓபி_டியூட்டி (குழந்தைகள் மருத்துவம்):

லேப் பேப்பரில் அச்சடித்திருக்கும் அளவுகள் பெரியவர்களுக்கானவை. அதை வைத்து இந்தப் பையனைப் பார்க்காதீர்கள். 10 வயது முதல் 19 வரை டிரைகிளிசரைடு 90க்குள் இருக்கணும், 130ஐத் தொட்டாலே அதிகம். மொத்தக் கொலஸ்ட்ரால் 170க்குள் நல்லது, 200 போனால் அதிகம். எல்டிஎல் 110க்குள் நல்லது, 130 போனால் அதிகம். எச்டிஎல் 45க்கு மேல் இருந்தால் நிம்மதி, 40க்குக் கீழ் குறைவு. ஆக உங்கள் ரிப்போர்ட்டில் 188ம் 119ம் வரப்பில் நிற்கின்றன. 164ம் 36ம் வரப்பைத் தாண்டிவிட்டன. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லைக் கழித்துப் பாருங்கள்: 152. இந்தக் கணக்கு 145க்கு மேல் போனால் அதிகம்தான்.

பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு: 49 ÷ (1.42 × 1.42) = 24.3. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி 11 வயது ஆண்பிள்ளைக்கு 19.2ஐத் தாண்டினால் அதிக எடை, 22.5ஐத் தாண்டினால் உடல்பருமன். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கணும். இங்கே 80 ÷ 142 = 0.56. என்னைக் கேட்டால் பிஎம்ஐயைவிட இதுதான் கூடுதல் கவலை. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பின் அடையாளம் அது.

கறுத்த கழுத்து அழுக்கு இல்லை. ரத்தத்தில் இன்சுலின் அளவுக்கு மேல் ஓடும்போது அந்த இடத்துத் தோல் தடித்துக் கறுக்கும். பிள்ளையைப் போட்டுத் தேய்க்க வேண்டாம், எடை குறையத் தொடங்கினால் தானாக வெளிறும். சர்க்கரை 94, எச்பிஏ1சி 5.6 என்று நார்மலாகத் தெரிவதற்குக் காரணம், கணையம் கூடுதலாக உழைத்து அதை அந்த இடத்தில் பிடித்து வைத்திருப்பது. இன்சுலினுக்கு உடம்பு சரியாக மசியாதபோது, மிச்சப்படும் சர்க்கரையையும் மாவையும் கல்லீரல் கொழுப்பாக்கி ரத்தத்தில் விடுகிறது: டிரைகிளிசரைடு ஏறும், எச்டிஎல் இறங்கும், எல்டிஎல் துகள்கள் சிறுத்து அடர்த்தியாகும். இந்தச் சின்னத் துகள்கள்தான் ரத்தக்குழாயின் உள்சுவருக்குள் எளிதாக நுழைந்து தங்குபவை. எஸ்ஜிபிடி 46 என்பதும் அதே கதைதான். ஆண்பிள்ளைகளுக்கு 26தான் மேல் எல்லை. கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

"இப்பவே ஆபத்தா" என்றால், நாளைக்கு அட்டாக் வரும் என்ற பயம் வேண்டாம். ஆனால் ரத்தக்குழாயில் கொழுப்புக் கோடு விழுவது சின்ன வயதிலேயே தொடங்குகிறது. கொரியப் போரில் இறந்த அமெரிக்கச் சிப்பாய்கள் 300 பேரின் இதயத்தை அறுத்துப் பார்த்து 1953ல் எழுதினார்கள். சராசரி வயது 22, முக்கால்வாசிப் பேரின் இதயக்குழாயில் ஏதோ ஒரு அளவில் படிவு. லூசியானாவில் 1973ல் தொடங்கிய பொகலூசா ஆய்வில், விபத்து முதலிய காரணங்களால் இறந்த இளவயதினரின் குழாய்களைப் பார்த்தபோது, எடை, பிரஷர், கொழுப்பு என்று ஒன்றோடு ஒன்று சேரச் சேரப் படிவு கூடியிருந்தது. இந்தப் பையனிடம் அப்படிப் பல ஒன்று சேர்ந்திருக்கின்றன. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் "கொஞ்சம் கூடுதல்" என்றுதான் தோன்றும்.

இதன் மறுபக்கமும் உண்டு. நான்கு நீண்டகால ஆய்வுகளைச் சேர்த்து 2011ல் வெளியான கணக்கின்படி, சிறுவயதில் பருமனாக இருந்து வளர்ந்தபின் அது இல்லாமல் போனவர்களுக்கு, நீரிழிவு, பிரஷர், கழுத்து ரத்தக்குழாய்த் தடிப்பு ஆகியவற்றின் ஆபத்து, எப்போதுமே பருமனாக இல்லாதவர்களுடையதை ஒட்டியே இருந்தது. அதனால் இந்த வயதில் கண்டுபிடித்ததை நல்ல காலம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

"உயரம் வச்சா சரியாயிடும்" பாதி உண்மை. எடை 49லேயே நின்றால் சரியாகும். 13 வயதில் 154 செ.மீ. வந்து எடையும் 49 என்றால் பிஎம்ஐ 20.7. அந்த வயதுக்கு அதிக எடையின் கோடு 20.8. அதாவது ஒரு கிலோகூடக் குறைக்காமல் எல்லைக்குள் வந்துவிடுவான். ஆனால் சும்மா விட்டால் இந்த வேகத்தில் உள்ள பிள்ளை வருஷம் 6, 7 கிலோ எளிதாக ஏறும். அப்போது உயரம் எதையும் சரிசெய்யாது. மாதம் அரைக்கிலோ வரை குறைந்தாலும் நல்லதே. அதைவிட வேகமாகக் குறைக்கப் பார்க்காதீர்கள், வளர்ச்சி தட்டும்.

தைராய்டு: எடை கூடிய பிள்ளைகளில் டிஎஸ்எச் 5க்கும் 10க்கும் நடுவில் நிற்பது சாதாரணம். பெரும்பாலும் அது எடையால் வந்தது, எடைக்குக் காரணம் அல்ல. ஃப்ரீ டி4 (ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோன் அளவு), தைராய்டு ஆன்டிபாடி (தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள்) ஒருமுறை பாருங்கள். இரண்டும் சரியென்றால் மாத்திரை வேண்டாம். தைராய்டு உண்மையாகக் குறைந்த பிள்ளை உயரத்தில் பின்தங்கும். இவன் 142, அந்த வயதின் நடு அளவே 143தான். குண்டாகவும் குட்டையாகவும் இருக்கும் பிள்ளைக்குத்தான் ஹார்மோனைத் தேடிப் போகணும்.

---

தக்கலை_சிஸ்டர்:

டாக்டர் சொன்னதுல பிரஷர் விட்டுப்போச்சு. 124/82ஐ அப்படியே நம்பவும் வேண்டாம், தள்ளியும் விட வேண்டாம். 11 வயசுப் பையனுக்கு 110/74ஐ எட்டினாலே திரும்ப ஒழுங்கா அளக்கணும். 82 உண்மையா இருந்தா அது உயர் ரத்த அழுத்தக் கணக்குல வரும்.

முகாம்ல நடக்கிற தப்பு பெரும்பாலும் கஃப்ல, அதாவது கையில சுத்திக் கட்டுற பட்டையில. "சின்னப் பிள்ளை"ன்னு சின்ன கஃப் கட்டுவாங்க. தடிச்ச கையில சின்ன கஃப் கட்டினா பிரஷர் கூடுதலா காட்டும். வயசை வச்சு கஃப் எடுக்கக்கூடாது, கையை வச்சு எடுக்கணும். தோள் எலும்பு முனைக்கும் முழங்கைக்கும் நடுவுல டேப் வச்சு சுத்தளவு பாருங்க. 28 செ.மீ. இருந்தா, உள்ளே காத்து நிறையுற பையோட அகலம் அதுல 40 சதவீதம், அதாவது 11 செ.மீ.க்கு மேல வேணும். நீளம் கையைச் சுத்தி 80லிருந்து 100 சதவீதம், 22லிருந்து 28 செ.மீ. வரணும். அப்போ இவனுக்கு 9 செ.மீ. அகலக் குழந்தை கஃப் ஆகாது, பெரியவங்க கஃப்தான். பையோட நீளம் கையைவிடக் கொஞ்சம் கூடினா கேடில்ல, சிறுசா இருந்தாத்தான் தப்பு.

மூத்திரம் போயிட்டு வரட்டும். சாயா, காப்பி அரைமணி நேரத்துக்கு முன்னாடி கூடாது. நாற்காலியில முதுகு சாஞ்சு, கால் தரையில ஊன்றி 5 நிமிஷம் சும்மா இருக்கணும். மொபைல் கையில இருக்கக்கூடாது. வலது கை, நெஞ்சு உயரத்துக்கு மேசையில. சட்டையைச் சுருட்டி ஏத்தி இறுக்கிக்கிட்டு அளக்காதீங்க. வேற வேற நாள்ல 3 தடவை பார்த்து அப்புறம்தான் முடிவு. ஒரு தடவை கால்லயும் பார்க்கச் சொல்லுங்க. கையைவிடக் காலில் ரொம்பக் குறைஞ்சா மகாதமனியில (இதயத்துலேருந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாய்) சுருக்கம் இருக்கலாம், அது எடைக்குச் சம்பந்தமில்லாத வேற நோய்.

குறட்டை உண்டா? ராத்திரி மூச்சு நின்னு திணறி எழும்புறானா? அடினாய்டு (மூக்குக்குப் பின்னாடி இருக்கிற சதை), டான்சில் பெருத்துத் தூக்கத்துல மூச்சடைச்சா பிரஷரும் ஏறும். கட்டாயம் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

---

பத்மநாபபுரத்தான்:

எல்லாம் பாக்கெட் எண்ணெய் வந்தபிறகு வந்த வினை. நம்ம முன்னோர் தேங்காயெண்ணெய்லதான் வளர்ந்தாங்க. சுத்தமான செக்குத் தேங்காயெண்ணெய்க்கு மாறுங்க, கருப்பட்டி கொடுங்க, தானா சரியாகும்.

---

அளவுக்கரண்டி (உணவியல்):

அண்ணாச்சி, முன்னோர் தேங்காயெண்ணெயோடு வயலிலும் தோப்பிலும் நாள் முழுக்க வேலையும் செய்தார்கள். செக்கோ மில்லோ, தேங்காயெண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. எச்டிஎல்லைக் கொஞ்சம் ஏற்றும், எல்டிஎல்லையும் ஏற்றும். விஷமென்று சொல்லவில்லை, அளவு வேண்டும் என்கிறேன். கருப்பட்டியும் சர்க்கரைதான். நிறமும் மணமும் வேறு, கல்லீரலுக்கு வித்தியாசம் தெரியாது.

வேளிமலை, இந்த ரிப்போர்ட்டில் முதல் குற்றவாளி எண்ணெய் இல்லை. எல்டிஎல் வரப்பில்தான் நிற்கிறது, டிரைகிளிசரைடுதான் தாண்டியிருக்கிறது. அதை ஏற்றுவது இனிப்பும் மாவும். ஆகவே வரிசை: முதலில் குடிக்கிற சர்க்கரை, அடுத்து மாவுக்கு மேல் மாவு, மூன்றாவதுதான் எண்ணெய். பல வீடுகளில் முதல் நாளே எண்ணெயை மாற்றிவிட்டு, சாயாவில் சீனியை விட்டுவிடுகிறார்கள்.

பிள்ளைக்குச் சேர்க்கும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள், அதாவது 6 டீஸ்பூனுக்குள். டம்ளருக்கு 2 ஸ்பூன் வீதம் மூன்று வேளை பால் சாயா குடித்தால் அதிலேயே 24 கிராம் முடிந்தது. 250 மில்லி குளிர்பானத்தில் கிட்டத்தட்ட 27 கிராம். நன்னாரி சர்பத், பாக்கெட் ஜூஸ், பாலில் கலக்கும் சத்துமாவுப் பானம் எல்லாம் இதே கணக்கில். டப்பாவின் பின்பக்கம் "சேர்க்கப்பட்ட சர்க்கரை" என்ற வரியைப் பார்த்து 4ஆல் வகுத்தால் எத்தனை ஸ்பூன் என்று தெரியும். ஒரேயடியாக நிறுத்தினால் பிள்ளை அடம்பிடிக்கும். வாரத்துக்கு அரை ஸ்பூன் குறையுங்கள், நாக்கு பழகிவிடும். சுக்குக் காப்பியிலும் கருப்பட்டி பாதி போதும்.

மாவுக்கு மேல் மாவு என்றால் என்ன என்று நம்மூர்த் தட்டைப் பார்த்தாலே தெரியும். காலையில் இரண்டு குத்துப் புட்டு, அதில் பிசைய ஏத்தம்பழமும் (நேந்திரம்) சீனியும். மதியம் சோறு, நாலு மணிக்குச் சாயாவோடு ஏத்தங்காய் அப்பம், சாயங்காலம் மரச்சீனி (மரவள்ளி) கிழங்கு, ராத்திரி பரோட்டா. இதில் பயறு, மீன், காய்க்கு எங்கே இடம்? புட்டு ஒரு குத்து, கூட ஒரு கிண்ணம் கடலைக்கறி அல்லது சிறுபயறு, சீனி கிடையாது. பழம் வேண்டுமென்றால் ஏத்தனுக்குப் பதில் ஒன்றிரண்டு மட்டிப்பழம். மரச்சீனியைத் தள்ள வேண்டாம், ஆனால் கிழங்கு இருக்கிற வேளையில் சோறு வேண்டாம். வெந்த சோறு 100 கிராமில் மாவுச்சத்து 28 கிராம், கிழங்கில் 30ஐத் தாண்டும். ரெண்டும் ஒரே தட்டில் ஏறுவதுதான் கெடுதல். கிழங்குக்கு மீன்கறி நல்ல ஜோடி. மதியத் தட்டில் பாதி அவியல், தோரன், கீரை. கால்பங்கு மீன் அல்லது பயறு. மிச்சம் கால்பங்கு சோறு, முடிந்தால் சிவப்புச் சம்பா. இரண்டாம் தடவை கேட்டால் காய், மீன் போடலாம், சோறு போடக்கூடாது. இதைப் பாட்டியிடம் சொல்லிவைப்பதுதான் கஷ்டமான வேலை.

மீன் நமக்குக் கடல் கொடுத்த மருந்து. அதைப் பொரித்தே கெடுக்கிறோம். சாளை (மத்தி), அயலை (கானாங்கெளுத்தி), நெத்தோலி (நெத்திலி) மூன்றிலும் ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு நிறைய. குளச்சல் பக்கத்து மீன் வாரம் 3 நாள் குழம்பாகவோ நெத்தோலி அவியலாகவோ வைத்தால் டிரைகிளிசரைடுக்கு நல்லது. அதே மீன் எண்ணெயில் முங்கினால் பலன் பாதி போகும். கருவாடு, அப்பளம், ஊறுகாய் மூன்றும் உப்புக்காகக் குறையணும். பிரஷர் இருக்கிறதல்லவா.

எண்ணெய்க்கு ஒரு எளிய கணக்கு: ஆளுக்கு மாதம் அரை லிட்டர். 4 பேர் வீட்டுக்கு 2 லிட்டர் வாங்கி வையுங்கள். மாசக்கடைசிக்கு முன் தீர்ந்தால் எங்கோ பொரிப்பு கூடுகிறது என்று அர்த்தம். ஒரு லிட்டர் தேங்காயெண்ணெய், ஒரு லிட்டர் நல்லெண்ணெய் அல்லது கடலையெண்ணெய் என்று பிரிக்கலாம். பொரித்து மிஞ்சியதைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள். ஏத்தங்காய் சிப்ஸ் 100 கிராம் சுமார் 500 கலோரி, ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சமம். டப்பாவோடு மேசையில் வைக்காமல் ஒரு கைப்பிடி எடுத்துக் கொடுத்துவிட்டு டப்பாவை மூடிவிடுங்கள். பேக்கரி பப்ஸில் மைதாவும் வனஸ்பதியும். டியூஷன் விட்டு வரும் வழியில் பசிதான் அங்கே இழுக்கிறது. அவித்த கடலையோ ஒரு முட்டையோ பையில் இருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

இன்னொன்று, பையனுக்கு மட்டும் தனிச் சமையல் கூடாது. மற்றவர்கள் பரோட்டா தின்ன இவன் கஞ்சி குடித்தால் பத்து நாள்கூட ஓடாது. அப்பா, அம்மா தட்டும் இதேதான்.

---

வேளிமலை:

எல்லாருக்கும் நன்றி. சிஸ்டர், குறட்டை உண்டு, மூச்சுத் திணறல் கவனிச்சதில்ல, பார்க்கச் சொல்றேன். ஒரு சந்தேகம். டியூஷன் முடிய ராத்திரி 8 ஆகுது. நம்ம ஊர்ல ஜூன்ல ஒரு மழை, ஐப்பசியில ஒரு மழைன்னு பாதி வருஷம் வெளியே விளையாட முடியல. ஸ்கிப்பிங் போடச் சொன்னா முட்டு (முழங்கால்) வலிக்குதுங்கிறான், சில நாள் நொண்டுறான்.

---

கிரவுண்ட்_வாத்தி:

நொண்டுறான்னா முதல்ல ஸ்கிப்பிங்கை நிறுத்துங்க. இது சோம்பேறித்தனமா இல்லாம இருக்கலாம். எடை கூடின பிள்ளைங்களுக்குப் பருவ வயசை ஒட்டி இடுப்பு மூட்டுல தொடையெலும்போட தலை வழுக்குறதுண்டு. வலி இடுப்புல தெரியாம முட்டுலதான் தெரியும், அதனாலதான் நிறைய பேர் முட்டுக்கு மட்டும் எக்ஸ்ரே எடுத்து "ஒண்ணுமில்ல"ன்னு அனுப்பிடுறாங்க. மல்லாந்து படுக்க வச்சு முட்டை மடக்கி நெஞ்சுப் பக்கம் கொண்டுவாங்க. பாதமும் முட்டும் தானா வெளிப்பக்கம் திரும்பினா அன்னிக்கே எலும்பு டாக்டர். திரும்பலன்னாலும் நொண்டல் இருக்கிறதால ரெண்டு இடுப்புக்கும் நேராவும், கால் விரிச்சும் எக்ஸ்ரே எடுங்க. அதுவரைக்கும் ஓட்டம், குதி வேண்டாம்.

அது இல்லைன்னு உறுதியான பிறகு, நாளுக்கு 60 நிமிஷம் கணக்கு. ஒரே மூச்சுல வேண்டாம், 20 நிமிஷமா மூணு தடவை பிரிச்சாலும் எண்ணிக்கை சேரும். மூச்சு வாங்கி, பேச முடியணும் ஆனா பாட முடியக்கூடாது, அந்த வேகம். நீச்சல் இவனுக்கு ரொம்ப நல்லது, மூட்டுல பாரம் விழாது. குளத்துல இறக்கினா நீந்தத் தெரிஞ்ச ஆள் கூட இருக்கணும், மழைக்காலத்துல வேண்டாம். மழை நாள்ல வீட்டு மாடிப்படி, சுவத்துல கை ஊன்றித் தண்டால், நாற்காலியில உட்கார்ந்து எழும்புறது 10 தடவையா மூணு சுற்று. டியூஷனுக்கு பைக்ல கொண்டு விடுறதுக்குப் பதிலா சைக்கிள், வழியில விளக்கு இருந்தா நடை.

ராத்திரி 8 மணிக்கு வந்து, சாப்பிட்டு, மொபைல் பார்த்து 11 மணிக்குப் படுத்தா காலையில 6க்கு எழும்பும்போது 7 மணி நேரம்தான். இந்த வயசுக்கு 9 வேணும். தூக்கம் குறைஞ்சா பசி கூடும். டியூஷன்ல ஒரு பாடத்தைக் குறைக்க முடியுமான்னு அக்காகிட்ட கேளுங்க, மத்ததைவிட அதுதான் பலன் தரும்.

---

ஓபி_டியூட்டி:

இடுப்பு எக்ஸ்ரேயை இந்த வாரமே முடியுங்கள், மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

கொழுப்புப் பரிசோதனையை இரண்டு வாரத்துக்குப் பிறகு, மூன்று மாதத்துக்குள் இன்னொரு முறை 8 முதல் 12 மணி நேரம் வெறும் வயிற்றில் எடுத்து, இரண்டின் சராசரியைத்தான் கணக்கில் வைக்கணும். காய்ச்சல் வந்திருந்தால் தள்ளிப்போடுங்கள், அப்போது எண்கள் மாறும். எஸ்ஜிபிடி 3 மாதத்தில் மறுபடி. எடை மாதம் ஒருமுறை, அதே தராசில். தினமும் ஏற்றி நிறுத்திப் பிள்ளையைக் கூனிக் குறுக வைக்காதீர்கள்.

கொழுப்புக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை இவனுக்கு இப்போது தேவையில்லை. 6 மாதம் சாப்பாட்டை மாற்றியும் எல்டிஎல் 190க்கு மேல், அல்லது குடும்பத்தில் இளவயது இதயநோயோடு 160க்கு மேல் நின்றால்தான் அந்தப் பேச்சு. ஆண்களில் 55க்கு முன் வந்தால் இளவயது என்றே கணக்கு, தாத்தாவின் 52 அதில் வருகிறது. அதனால் பையனின் அப்பாவுக்குக் கொழுப்புப் பரிசோதனையும், ஆயுளில் ஒருமுறை போதுமான லிப்போபுரோட்டீன்-ஏ (பரம்பரையாக வரும் ஒரு கொழுப்புத் துகள்) பரிசோதனையும் பாருங்கள். அவருக்கு எல்டிஎல் மிக அதிகமென்றால் பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோயை நினைக்கணும். டிரைகிளிசரைடு எப்போதாவது 500ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் ஆபத்து உண்டு, அப்போது காத்திருக்க வேண்டாம். அதேபோல் திடீரென்று தாகமும் மூத்திரமும் கூடி எடை மெலிந்தால், அல்லது தலைவலியோடு பார்வை மங்கினால் அன்றே காட்டுங்கள்.

கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேன் எடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். அது ஆய்வுக்கு உதவும், இவன் சிகிச்சையில் எதையும் மாற்றாது. பிரஷர் மூன்று முறையும் கூடுதலாகவே வந்தால் சிறுநீர், கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை), தேவைப்பட்டால் எக்கோ (இதய ஸ்கேன்) என்று போகலாம்.

ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்குப் போவதானால் இந்த ரிப்போர்ட்டோடு, பிறந்த எடை எழுதிய கார்டு, பள்ளியில் வருஷாவருஷம் எடுத்த உயரம், எடை, மூன்று நாள் சாப்பிட்டதைச் சாயா, சிப்ஸ் உட்பட எழுதிய தாள், ஏதாவது மாத்திரை அல்லது லேகியம் கொடுத்திருந்தால் அதன் டப்பா எல்லாம் எடுத்துப்போங்கள். ஸ்டீராய்டு கலந்த ஆஸ்துமா, தோல் மருந்து நீண்ட நாள் போயிருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள்.